மேகம் மறைத்த வானம்

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களிலும் தொலைநோக்கியுடன் மொட்டை மாடிக்கு ஏறுவோர் மிகச் சிலரே. வானியல் அவர்களுக்குத் தொழிலன்று. பகலில் அலுவலகத்திலோ வகுப்பறையிலோ கடையிலோ இருப்பவர்கள் அவர்கள். வியாழனின் துணைக்கோள்களையும் சனியின் வளையத்தையும் தம் கண்ணாலேயே கண்டுவிட வேண்டும் என்னும் ஆவல்தான் இரவில் அவர்களை மாடிக்கு அழைத்துச் செல்கிறது. அந்த ஆவலுக்கு இப்பகுதியின் வானம் எளிதில் இணங்குவதில்லை.

சென்னைப் பகுதியில் ஆண்டுதோறும் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுகிறது. மிதுன ராசியின் திசையிலிருந்து எரிமீன்கள் பொழியும் டிசம்பர் 13, 14 ஆகிய இரவுகள் இப்பருவத்தில்தான் வருகின்றன. ஆகஸ்ட் நடுவில் வரும் மற்றொரு பெரும் எரிமீன் பொழிவை மாலை இடிமழையின் மேகங்கள் மறைத்துவிடுகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் ஓரளவு திறந்திருக்கும். அப்போதும் கடற்காற்றின் ஈரம் ஆடியின் மீது பனியாகப் படிகிறது. பெருநெடுஞ்சாலையின் விளக்கொளியும் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஒளியும் மங்கலான விண்மீன்களை விழுங்கிவிடுகின்றன. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. ஊர் வளர வளர இருள் குறைகிறது. பல வாரங்கள் எதிர்பார்த்த ஓர் இரவு பத்து நிமிட மேகத்தால் பயனற்றுப் போவது இங்குள்ள வானியல் ஆர்வலர் ஒவ்வொருவருக்கும் பழகிப்போன செய்தி.

இத்தகைய ஏமாற்றத்தை மனிதர்கள் எவ்வாறு தாங்கினார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் சில முக்கிய ஏடுகள் நம் சோழமண்டலக் கரையிலேயே எழுதப்பெற்றவை. முஸ்லிம்களாகிய நமக்கு இப்பொருளில் தனி உறவும் இருக்கிறது. மாதந்தோறும் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் மேற்கு வானத்தை நோக்கும் சமுதாயம் நாம். பார்த்தும் காணாமல் திரும்புவதைப் பதினான்கு நூற்றாண்டுகளாக அறிந்தவர்கள். ஆகவே இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்குவது பொருத்தமாகும்.

புதுச்சேரியில் ஒரு காலைப்பொழுது

வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்வது மிக அரிய நிகழ்ச்சி. எட்டாண்டு இடைவெளியில் இரு முறை நிகழ்ந்தபின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது நிகழ்வதில்லை. இந்தக் கடப்பை உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து நேரம் குறித்துப் பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள தொலைவைக் கணக்கிடலாம் என்று ஆங்கிலேய அறிஞர் எட்மண்ட் ஹாலி 1716இல் எடுத்துரைத்தார். 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் அது நிகழவிருந்தது. ஐரோப்பிய நாடுகள் தம் அறிஞர்களைத் திசையெங்கும் அனுப்பின.

பிரெஞ்சு அறிஞர் லெ ஜென்டில் 1760 மார்ச்சில் புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார். அது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதுகொண்டிருந்த காலம். மொரீஷியஸ் தீவில் காத்திருந்து 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் ஏறினார். மலபார்க் கரையை அடைந்தபோதுதான் புதுச்சேரி அவ்வாண்டு ஜனவரியிலேயே ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி எட்டியது. கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று நடுக்கடலில், தெளிந்த வானத்தின் கீழ், வெள்ளி சூரியனைக் கடப்பதை அவர் கண்டார். ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. தாம் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையும் அவருக்குத் திட்டமாகத் தெரியாது. கண்ணால் கண்டும் கணக்குக்கு உதவாத காட்சியாக அது முடிந்தது.

அவர் நாடு திரும்பவில்லை. அடுத்த கடப்புக்கு எட்டாண்டுகள் இருந்தன. மடகாஸ்கரிலும் அதனை ஒட்டிய தீவுகளிலும் நில அளவையும் இயற்கை ஆராய்ச்சியும் செய்தார். பின்னர் மணிலாவுக்குச் சென்றார். அங்கிருந்தே பார்க்கலாம் என்று எண்ணினார். ஸ்பானிய ஆளுநரின் ஐயப்பார்வையும் பாரிஸ் அறிவியற் கழகத்தின் விருப்பமும் அவரை மீண்டும் புதுச்சேரிக்கே திருப்பின. 1768 மார்ச்சில் வந்திறங்கினார். அதற்குள் போர் முடிந்து ஊர் பிரெஞ்சுக்காரருக்கு மீண்டிருந்தது. இடிந்து கிடந்த ஆளுநர் மாளிகையின் மீது வானாய்வகம் ஒன்றை அமைத்தார். நேற்றுவரை பகைவராயிருந்த சென்னை ஆங்கிலேயர் நல்லதொரு தொலைநோக்கியைக் கடனாக அனுப்பி வைத்தனர்.

ஓராண்டுக்கும் மேலாக ஆயத்தம் செய்தார். அவ்வாண்டு மே மாதம் முழுவதும் காலைகள் தெளிவாகவே இருந்தன. 1769 ஜூன் 3 இரவிலும் வானம் திறந்தே இருந்தது. ஜூன் 4 விடியலில் மேகம் எழுந்து சூரியனை மூடியது. வெள்ளி சூரிய வட்டத்தை விட்டு வெளியேறும் நேரம் கடந்தபின் மேகம் விலகியது. அன்று பகல் முழுவதும் வெயில் காய்ந்தது. அதே நாளில் மணிலாவில் வானம் தெளிவாக இருந்ததென்று பின்னர் அவர் அறிந்தார்.

இரு வாரங்களுக்கு மேலாக அவரால் தம் நாட்குறிப்பைத் தொடர இயலவில்லை. பேனா கையிலிருந்து நழுவியதென்று அவரே எழுதியுள்ளார். இத்தனை கடல்களைக் கடந்தது சரியான கணத்தில் வந்து நின்ற ஒரு மேகத்தைப் பார்ப்பதற்குத்தானோ என்று அவர் நொந்துகொண்டார். நாடு திரும்பியது 1771 அக்டோபரில். புறப்பட்டுப் பதினோராண்டுகள் ஆறு மாதங்களுக்குப் பின். இறந்தவராகக் கருதப்பட்டு அவருடைய சொத்தைப் பங்கிட உறவினர் முனைந்திருந்தனர். அறிவியற் கழகத்தில் அவர் வகித்த இடமும் கைமாறியிருந்தது.

லெ ஜென்டிலின் கதையைத் துரதிர்ஷ்டத்தின் கதையாகச் சொல்லி நிறுத்திவிடுவது பலருடைய வழக்கம். அதன் பிற்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புதுச்சேரியில் அவர் பருவக்காற்றுகளைக் குறித்து வைத்தார். அடிவானத்தருகே ஒளி வளைவதை அளந்தார். தமிழ்க் கணியர் சோழிகளை நிலத்தில் வைத்து, மனப்பாடமாக அறிந்த வாக்கியங்களைக் கொண்டு கிரகணத்தைக் கணிக்கும் முறையை ஆர்வத்துடன் கற்று ஐரோப்பாவுக்கு எடுத்துரைத்தார். 1779, 1781 ஆகிய ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த அவரது பயணநூல், தமிழரின் வாக்கியக் கணிதத்தைப் பற்றி ஐரோப்பியர் அறிந்துகொண்ட முன்னோடி நூல்களுள் ஒன்று. அவர் தேடி வந்த அளவை மட்டும் அதில் இல்லை. இழந்த கழக உறுப்பாண்மையும் அவருக்கு மீண்டும் கிடைத்தது. 1792 வரை வாழ்ந்தார்.

வானம் யாருக்காக?

சரியான கணத்தில் வந்த மேகம் என்று லெ ஜென்டில் நொந்துகொண்டதில் ஒரு நுட்பமான எண்ணம் மறைந்திருக்கிறது. வானம் தம்மைக் குறிவைத்து இவ்வாறு செய்தது என்னும் எண்ணம் அது. ஏமாற்றத்தின் கூர்மை பெரும்பாலும் இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கிறது. காண முடியாமற் போனதால் வரும் வருத்தம் சிறிது காலத்தில் தணியும். தாம் வஞ்சிக்கப்பட்டோம் என்னும் மனக்குறை தணிவதில்லை.

இவ்விடத்தில் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை நாம் நினைவுகூர வேண்டும். அண்ணலாரின் குழந்தை இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் மதீனாவில் சூரிய கிரகணம் உண்டாயிற்று. வானியற் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27 எனக் கொள்ளப்படுகிறது. இறைத்தூதரின் மகனுடைய மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். துயருற்ற ஒரு தந்தைக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். ஒரு தலைவருக்கோ அது பெருமையாக அமைந்திருக்கும். அண்ணலார் அதனை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் சான்றுகள் என்றும், எவருடைய மரணத்திற்காகவோ பிறப்பிற்காகவோ அவை மறைவதில்லை என்றும் தெளிவுபடுத்தித் தொழுகைக்கு வழிகாட்டினார்கள்.

இதே நிகழ்ச்சியில் மற்றொரு பாடமும் உண்டு. மகனை இழந்த அண்ணலாரின் கண்கள் கலங்கின, உள்ளம் துயருற்றது. ஆயினும் இறைவனுக்கு உவப்பற்ற சொல் எதுவும் நாவிலிருந்து வாராது என்றே அவர்கள் மொழிந்தார்கள். துயரம் அங்கே மறைக்கப்படவில்லை. அதன் பெயரால் வானத்தின் மீது ஒரு பொருள் ஏற்றப்படவுமில்லை. ஸப்ரு என்னும் பொறுமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. நமது துயரம் மெய்யானது. வானமோ அதன் விதிப்படி இயங்குகிறது. இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு அமைதி எளிதாகிறது.

இதற்கு மாறான மனநிலை என்ன செய்யும் என்பதற்கும் நம் வரலாற்றில் சான்று உண்டு. உதுமானிய சுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவில் தகியுத்தீன் என்னும் பேரறிஞர் இஸ்தான்புல்லில் சிறந்ததொரு வானாய்வகத்தை நிறுவினார். 1577இல் பெரிய வால்மீன் ஒன்று தோன்றியது. அது சுல்தானுக்கு நற்குறி என்று பொருளுரைக்கப்பட்டது. தொடர்ந்து வந்ததோ கொள்ளைநோயும் மரணங்களும். அரசவைப் பூசல்களும் சேர்ந்துகொள்ள, 1580 ஜனவரியில் அந்த வானாய்வகம் இடிக்கப்பட்டது. வால்மீன் தன் வழியே வந்து தன் வழியே சென்றது. அதனை மனிதரின் நன்மை தீமையோடு பிணைத்த பேச்சு ஓர் அறிவுநிலையத்தின் அழிவுக்குத் துணைபோயிற்று.

நுங்கம்பாக்கத்தில் இரண்டு விடியல்கள்

புதுச்சேரி நிகழ்ச்சிக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, தாம்பரத்திலிருந்து சிறிது தொலைவிலேயே, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. அதன் தலைவராக 1861 முதல் 1891 வரை பணியாற்றியவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளித்தரத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் விகிதத்தை 1856இல் முன்மொழிந்தவர் அவர். சென்னைக்கு வந்த ஆண்டிலேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டவரும் அவரே.

1872 நவம்பர் 27 அன்று எரிமீன்கள் மழைபோல் பொழிந்தன. முன்னரே உடைந்து தொலைந்துவிட்ட பீலா வால்மீனின் துகள்களே அவை என்பதை அறிஞர் உணர்ந்தனர். ஜெர்மனியின் கெட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் சென்னைக்குத் தந்தி அடித்தார். பீலா பூமியைத் தொட்டுச் சென்றிருக்க வேண்டும். தென்வானில் இன்ன விண்மீனருகே தேடுக என்பது அதன் கருத்து. டிசம்பர் தொடக்கம் சென்னையில் மழைக்காலம். எனினும் டிசம்பர் 2ஆம் தேதி போக்சன் குறிப்பிட்ட பகுதியில் ஒரு வால்மீனைக் கண்டு இடம் குறித்தார். மறுநாளும் கண்டார். அதன்பின் மேகமும் மழையும் சூழ்ந்தன. வானம் மீண்டும் திறந்தபோது வால்மீன் கைக்கு எட்டவில்லை.

ஒரு வால்மீனின் பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று நாள்களின் இடக்குறிப்புகள் வேண்டும். போக்சனிடம் இருந்தவை இரண்டே. மூன்றாவது கிட்டியிருந்தால் அது பீலாவா அன்றா என்பது அப்போதே தீர்ந்திருக்கும். அவர் இரண்டை மட்டுமே வெளியிட்டார். அவ்விரு குறிப்புகளை வைத்து அறிஞர் பல ஆண்டுகள் வாதிட்டு, அது பீலாவாக இருக்க இயலாது என்னும் முடிவுக்கு வந்தனர். பாதை கணிக்க முடியாத வால்மீன்களின் வரிசையில் அது இன்றும் இடம்பெற்றிருக்கிறது. இல்லாத மூன்றாம் நாளைச் சேர்க்காமல் இருந்ததாலேயே இருந்த இரண்டு நாள்களுக்கு மதிப்பு நிலைத்தது.

அதே வானாய்வகத்தில் போக்சனின் முதன்மை உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக் கடப்பு மீண்டும் வரவிருந்தபோது, அதைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை உரையாடல் வடிவில் எழுதினார். அது ஆங்கிலத்தோடு உருது உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. லெ ஜென்டிலுக்கு மறைந்துபோன காட்சி, நூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின் இம்மண்ணின் மைந்தர் ஒருவர் தம் மக்களுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லும் பொருளாயிற்று. வான்நோக்கில் ஒருவரது இழப்பை மற்றொரு தலைமுறை ஈடுசெய்வது இப்படித்தான்.

கருவி கைவிடும்போது

மேகம் மட்டுமே ஏமாற்றுவதில்லை, கருவியும் ஏமாற்றும். ஆர்வலரின் சிறு தொலைநோக்கியில் ஆடி நகர்ந்துவிடுவதும், தாங்கி ஆடுவதும், ஈரத்தில் பூஞ்சை படர்வதும் வழக்கமானவை. இதற்கும் நம் புறநகரிலேயே ஒரு முன்வரலாறு உண்டு.

இந்தியப் பெருநில அளவையின் முதல் அடிக்கோடு 1802 ஏப்ரல், மே மாதங்களில் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே, ஏழரை மைல் நீளத்திற்கு எஃகுச் சங்கிலியால் அளக்கப்பட்டது. இன்று வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று வீடுகள் நெருங்கி நிற்கும் நிலப்பகுதி அது. அளந்தவர் வில்லியம் லாம்ப்டன். விண்மீன்களை நோக்கி அட்சரேகைகளை வகுப்பதும் அவரது பணியின் பகுதி. இங்கிலாந்திலிருந்து அவருக்கு அனுப்பப்பட்ட, அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் கருவியை வழியில் பிரெஞ்சுக் கப்பல் கைப்பற்றி மொரீஷியஸுக்குக் கொண்டுசென்றது. அது அறிவியற் கருவி என்று தெரிந்ததும் பிரெஞ்சு ஆளுநர் பாராட்டுரையுடன் சென்னைக்கு அனுப்பி வைத்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, அக்கருவி சுவரில் மோதி அதன் வட்டம் வளைந்தது. வேறொருவராயின் பணியைக் கைவிட்டிருப்பார். லாம்ப்டன் திருச்சிராப்பள்ளியில் கூடாரத்துக்குள் அடைந்து, ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் மரச்சுத்தியும் கொண்டு ஆறு வாரங்கள் உழைத்து வட்டத்தை மீண்டும் வட்டமாக்கினார். அக்கருவி அதன்பின் பல்லாண்டுகள் பயன்பட்டது.

கருவியே இல்லாத நிலையையும் நம் முன்னோர் சந்தித்தனர். அல்பீரூனி இளைஞராயிருந்தபோது, 995இல், தம் தாயகமான குவாரிஸ்மில் பெரிய வளையக் கருவி ஒன்றைக் கொண்டு சூரியனை முறையாக அளக்கத் திட்டமிட்டார். உள்நாட்டுப் போர் மூண்டு அவர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. 997இல் நிலைமை சற்றுச் சீரானதும் பக்தாதிலிருந்த அபுல் வஃபாவுடன் முன்னரே பேசிவைத்து, ஒரே சந்திர கிரகணத்தை இருவரும் தத்தம் ஊரிலிருந்து நோக்கி இரு நகரங்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தனர். 1018இல் காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் வறிய நிலையில் இருந்தபோது கருவி எதுவும் அவரிடம் இல்லை. கணக்கிடும் பலகையின் பின்புறத்தில் வட்டம் வரைந்து பாகைகளைக் குறித்து, அதனையே கருவியாக்கி அவ்வூரின் அட்சரேகையை அளந்தார். அளவின் துல்லியம் குறைந்திருக்கலாம் என்பதை மறைக்காமல், எந்நிலையில் அளந்தார் என்பதையும் எழுதிவைத்தார்.

இருபத்தொன்பதாம் நாள் மாலை

இவ்வரலாறுகள் அனைத்தும் தனிமனிதரின் மனவலிமையைக் காட்டுகின்றன. ஆனால் எல்லோரிடமும் லாம்ப்டனின் பிடிவாதமோ அல்பீரூனியின் மேதைமையோ இருக்க முடியாது. சாதாரண மனிதருக்கு வேண்டியது ஒரு நெறி. அந்நெறியைத் தன் காலக்கணக்கிலேயே பொதிந்து வைத்திருப்பது இஸ்லாம்.

அமாவாசையிலிருந்து அமாவாசை வரை சராசரியாக 29.53 நாள்கள். எனவே சந்திர மாதம் இருபத்தொன்பதாகவோ முப்பதாகவோ அமையும். பிறையைக் கண்டு நோன்பைத் தொடங்குவதும் பிறையைக் கண்டு நோன்பை விடுவதும் அண்ணலார் காட்டிய வழி. வானம் மூடியிருந்தால் மாதத்தை முப்பதாக நிறைவுசெய்ய வேண்டும் என்பதும் அவர்களது கட்டளையே. கணக்கு, கண்நோக்கு, எல்லைகள் ஆகியவை குறித்து நம் சமுதாயத்தில் நிலவும் கருத்து வேறுபாடுகளுக்குள் நுழைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கவனிக்க விரும்புவது ஒன்றே: காண்பதைக் கடமையாக்கிய அதே நெறி, காணாமற் போவதற்கும் முன்கூட்டியே இடம் வகுத்துள்ளது. மேகம் வந்துவிட்டதால் ஏற்பாடு எதுவும் குலைவதில்லை. முப்பதாம் நாள் என்னும் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

அதுமட்டுமன்று. ஐயத்திற்குரிய நாளில், ஒருவேளை ரமளானாக இருக்கலாம் என்று பேணுதலின் பெயரால் நோன்பு நோற்பதை அறிஞர் பெரும்பாலோர் விலக்கினர். ஆர்வம் மிகுந்து, காணாததைக் கண்டதாகக் கொண்டுவிடக் கூடாது என்பது இதன் உட்பொருள். பஸராவின் நீதிபதி இயாஸ் இப்னு முஆவியாவைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுவதுண்டு. முதுமையின் எல்லையில் இருந்த அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் பிறை தெரிகிறது என்றார்கள். கூட இருந்த எவருக்கும் தெரியவில்லை. இயாஸ் அருகே சென்று அப்பெரியவரின் புருவத்திலிருந்து வளைந்து நின்ற ஒரு வெண்முடியை மரியாதையுடன் ஒதுக்கிவிட்டு, இப்போது தெரிகிறதா என்று வினவினார். தெரியவில்லை என்றார்கள். உண்மையாளரின் கண்ணும் தவறக்கூடும் என்பதை அவ்விருவரும் அமைதியாக ஏற்றுக்கொண்ட விதமே இந்நிகழ்ச்சியின் அழகு.

காணாமற் போனதைக் காணவில்லை என்றே எழுதிவைப்பதால் அறிவு வளர்கிறது என்பதற்கும் சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் வானாய்வகத்தின் தலைவராயிருந்த ஜூலியஸ் ஷ்மித் பல ஆண்டுகள் இளம்பிறையை நோக்கிக் குறிப்பெடுத்தார். கண்ட மாலைகளோடு, தேடியும் தென்படாத மாலைகளும் அவர் குறிப்பில் இடம்பெற்றன. 1910இல் ஃபாதரிங்ஹாம் என்னும் அறிஞர் பெரும்பாலும் ஷ்மித்தின் குறிப்புகளாலான 76 நோக்குகளைக் கொண்டு, பிறை எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு ஒரு வரையறை வகுத்தார். 1997இல் யாலப் வெளியிட்ட, இன்று பரவலாக எடுத்தாளப்படும் வரையறையோ 295 நோக்குகளின் மீது எழுந்தது. கண்டவற்றை மட்டும் வைத்து எல்லைக்கோடு வரைய முடியாது. கோட்டின் மறுபுறத்தைக் காட்டுபவை காணாத மாலைகள்தாம். பிறையைத் தேடி வெறுங்கண்ணோடு திரும்பியதை ஒருவர் நேர்மையாகக் குறித்தபோது, தாம் அறியாமலே பின்வருவோருக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்துச் சென்றிருக்கிறார்.

இந்த மரபு தென்சென்னைப் புறநகர்களில் இன்றும் உயிருடன் இருக்கிறது. வண்டலூரில் 1984இல் தொடங்கப்பெற்ற கல்வி நிறுவனம் பிறையைக் குறிக்கும் கிரசென்ட் என்னும் சொல்லையே பெயராகக் கொண்டிருக்கிறது. ஆனால் பிறையைக் காண்பது இங்கே எளிதன்று. நம் கடல் கிழக்கே இருக்கிறது. பிறை மறைவதோ நிலத்தின் பக்கம், தூசியும் புகையும் கட்டடங்களும் நிறைந்த மேற்கில். நமது அட்சரேகையில் பிறை சூரியனுக்கு ஏறத்தாழ நேர்மேலே நிற்பது ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பை மேகம் பறிக்காதிருக்க வேண்டும்.

மேகமும் என்றென்றும் ஒரே மாதத்தின் மீது நிற்பதில்லை. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ பதினொரு நாள் குறைவாதலால் ரமளான் முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. 1999 முதல் 2005 வரை ரமளான் பிறை நமக்கு வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே வந்தது. 2023 முதல் அது தெளிந்த மார்ச், பிப்ரவரி மாலைகளுக்கு நகர்ந்துவிட்டது. 2030இன் இறுதியில் மீண்டும் டிசம்பரை எட்டும். வாழ்நாள் முழுவதும் பிறை பார்ப்பவருக்குத் தெளிந்த வானமும் மூடிய வானமும் முறைவைத்தே வந்து சேரும்.

ஆர்வலருக்கு ஒரு நெறி

இவற்றிலிருந்து தாம்பரத்து மாடியில் நிற்கும் ஆர்வலருக்குக் கிடைப்பது என்ன? வானம் தமக்காக மூடவில்லை என்று அறிவது முதலாவது. 2013இல் பெரும் எதிர்பார்ப்புடன் வந்த ஐசான் வால்மீன், நவம்பர் 28 அன்று சூரியனை நெருங்கியபோதே சிதைந்துபோயிற்று. 2009 ஜூலை 22இன் முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பீகாரின் தாரேக்னாவில் கூடிய திரளானோருக்கு மேகமே கிட்டியது. இவை யாருக்கும் இழைக்கப்பட்ட அநீதியன்று.

இரண்டாவது, மூடிய இரவையும் பதிவேட்டில் எழுதுவது. நாள், நேரம், மேகத்தின் அளவு, காற்றின் திசை, தேடிய பொருள், காணவில்லை என்னும் சொல். சில ஆண்டுகளில் அந்த ஏடு நம் ஊரின் வானத்தைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத செய்தியைத் தரும். எந்த மாதத்தில், எந்த மணியில் வானம் திறக்கிறது என்பதை அறிந்தவர் வீணாக எதிர்பார்ப்பதில்லை.

மூன்றாவது, முப்பதாம் நாளைப் போன்றதொரு மாற்றுவழியை முன்னரே வகுத்துக்கொள்வது. கிரகணம் மறைந்தால் ஒளி குறைவதையும் வெப்பம் தணிவதையும் அளக்கலாம். விண்மீன் தெரியாத இரவில் ஆடியைச் சீர்செய்யலாம், கணக்கைக் கற்கலாம், பிள்ளைகளுக்கு விளக்கலாம். லெ ஜென்டில் சோழிக் கணக்கைக் கற்றது இத்தகைய மூடிய காலத்தில்தான்.

அடுத்த வெள்ளிக் கடப்பு 2117 டிசம்பரில் நிகழும். இன்று இதனைப் படிக்கும் நம்மில் எவரும் அதனைக் காணப்போவதில்லை. அதற்கு நாம் வருந்துவதுமில்லை. நம் ஆயுளின் அளவு அது என்று ஏற்றுக்கொள்கிறோம். ஓர் இரவின் மேகத்தையும் அதே மனத்தோடு ஏற்றுக்கொள்வது இயலாத செயலன்று. அடுத்த மாதமும் இருபத்தொன்பதாம் நாள் வரும். அன்று மாலை மேற்கை நோக்கி நிற்பது நம் பொறுப்பு. வானைத் திறப்பது இறைவன் கையில் உள்ளது.